அமெரிக்க அரசியல் கட்சிகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்க அதிபர் தேர்தல் வரும்போதெல்லாம் குடியரசுக் கட்சி, ஜனநாயகக் கட்சி என்ற இரண்டு பெயர்களும் தமிழ்ச் செய்திகளில் நாள்தோறும் அடிபடுகின்றன. தலைமை, பொதுக்குழு, உறுப்பினர் அட்டை, தலைமை வெளியிடும் வேட்பாளர் பட்டியல் என்று நமக்குப் பழகிப்போன கட்சியை மனத்தில் வைத்துக்கொண்டே அந்தச் செய்திகளைப் படிக்கிறோம். குழப்பம் அங்கேயே தொடங்கிவிடுகிறது. அமெரிக்கக் கட்சிகளில் 'சீட்' கொடுக்கும் தலைமை என்று ஒன்று இல்லை. அது எப்படி இல்லாமல் போனது என்பதைத் தெரிந்துகொண்டால் மற்றவை எளிதில் விளங்கும் என்பதால், கீழுள்ள பதில்களில் அதற்கே அதிக இடம் தந்திருக்கிறோம்.

அமெரிக்க அரசமைப்புச் சட்டம் கட்சிகளைப் பற்றி என்ன சொல்கிறது?

ஒன்றுமே சொல்லவில்லை. 1787-இல் ஃபிலடெல்ஃபியாவில் கூடி அதை எழுதியவர்கள் கட்சிகளை மறந்துவிடவில்லை. அவை வேண்டாம் என்றே நினைத்தார்கள். அதே ஆண்டில் ஜேம்ஸ் மேடிசன் நியூயார்க் பத்திரிகையில் எழுதிய கட்டுரை ஒன்றில், குழுச்சண்டைக்கான வித்து மனித இயல்பிலேயே இருப்பதால் அதை ஒழிக்க முடியாது என்றும், நாடு பெரிதாக இருந்தால் பல குழுக்கள் ஒன்றையொன்று தடுத்து நிறுத்தும் என்றும் வாதிட்டார். முதல் அதிபர் ஜார்ஜ் வாஷிங்டன் 1796-இல் வெளியிட்ட பிரியாவிடை உரையில் கட்சி உணர்வின் கேடுகளை நீளமாக எச்சரித்தார். எச்சரிக்கை வெளிவந்தபோது காலம் கடந்திருந்தது. அவருடைய அமைச்சரவையே அதற்குள் இரண்டாகப் பிளந்து போயிருந்தது. குழுக்களைப் பற்றி எழுதிய மேடிசனே ஒரு தரப்பின் முன்னணித் தளபதியாகியிருந்தார்.

அப்படியானால் கட்சிகள் எப்படித் தோன்றின?

பணத்தை ஒட்டி எழுந்த சண்டையில் தோன்றின. விடுதலைப் போருக்காக மாநிலங்கள் பட்ட கடனை மத்திய அரசு ஏற்க வேண்டும், நாட்டுக்கென ஒரு வங்கி வேண்டும் என்று கருவூலச் செயலர் அலெக்சாண்டர் ஹாமில்டன் திட்டமிட்டார். முன்னது 1790-இலும் பின்னது 1791-இலும் நிறைவேறின. வெளியுறவுச் செயலராக இருந்த தாமஸ் ஜெஃபர்சன், இவை வடக்கத்திய வணிகர்களுக்கு வாய்ப்பாகவும் உழவர்களுக்குப் பாதகமாகவும் அமையும் என்று கருதினார். பிரெஞ்சுப் புரட்சியை ஆதரிப்பதா, பிரிட்டனோடு இணங்கிப் போவதா என்ற கேள்வியும் சேர்ந்துகொண்டது. ஹாமில்டன் தரப்பு ஃபெடரலிஸ்டுகள் என்றும், ஜெஃபர்சன் தரப்பு ஜனநாயகக் குடியரசினர் என்றும் பெயர் பெற்றன.

அந்தச் சண்டை நடந்த விதம் கவனிக்கத்தக்கது. ஹாமில்டனை ஆதரித்து ஒரு பத்திரிகை ஏற்கெனவே வந்துகொண்டிருந்ததால், எதிர்ப் பத்திரிகை நடத்துவதற்காகக் கவிஞர் ஃபிலிப் ஃப்ரெனோவை ஜெஃபர்சனும் மேடிசனும் தலைநகருக்கு வரவழைத்தார்கள். அவர் பிழைப்புக்காக வெளியுறவுத் துறையிலேயே ஆண்டுக்கு 250 டாலர் சம்பளத்தில் மொழிபெயர்ப்பாளர் வேலையும் தரப்பட்டது. அரசாங்கச் சம்பளம் வாங்கிக்கொண்டே அரசாங்கத்தைத் திட்டி எழுதிய அந்தப் பத்திரிகையை, அமெரிக்காவின் முதல் கட்சிப் பத்திரிகைகளில் ஒன்று எனலாம்.

கட்சிகளை எதிர்பாராமல் எழுதப்பட்ட சட்டம் 1800 தேர்தலில் திணறியது. அதிபரைத் தேர்ந்தெடுக்க மாநிலங்கள் சார்பில் வாக்களிக்கும் தேர்வாளர் ஒவ்வொருவரும் இரண்டு வாக்குகள் போட வேண்டும். அதிக வாக்கு பெற்றவர் அதிபர், அடுத்தவர் துணை அதிபர் என்பதே அன்றைய விதி. ஜெஃபர்சன் தரப்புத் தேர்வாளர்கள் கட்டுப்பாட்டோடு ஜெஃபர்சனுக்கும், துணை அதிபராக வர வேண்டிய ஆரன் பர்ருக்கும் ஆளுக்கு 73 வாக்குகளைப் போட்டுவிட்டதால் இருவரும் சமமாக நின்றார்கள். முடிவெடுக்க வேண்டிய, நாடாளுமன்றத்தின் கீழவையான பிரதிநிதிகள் சபை 36 முறை வாக்கெடுத்த பிறகே ஜெஃபர்சன் அதிபரானார். இரு பதவிகளுக்கும் தனித்தனியே வாக்களிக்க வேண்டும் என்ற 12-ஆவது திருத்தம் 1804-இல் வந்தது. கட்சி என்ற சொல்லை எழுதாமலேயே கட்சிகளுக்காகச் செய்யப்பட்ட திருத்தம் அது.

இன்றைய இரண்டு கட்சிகளும் எப்போது தோன்றின?

ஜனநாயகக் கட்சி 1820-களின் இறுதியில் ஆண்ட்ரூ ஜாக்சனைச் சுற்றி உருவானது. அதை மாநிலம் மாநிலமாகக் கட்டியெழுப்பிய மூளை நியூயார்க்கைச் சேர்ந்த மார்ட்டின் வான் பியூரன். குடியரசுக் கட்சி 1854-இல் பிறந்தது. புதிய மேற்குப் பகுதிகளில் அடிமை முறையை அனுமதிப்பதா என்பதை அங்கே குடியேறியவர்களே தீர்மானிக்கலாம் என்ற கான்சஸ்-நெப்ராஸ்கா சட்டம் அந்த ஆண்டு நிறைவேறியபோது, ஜாக்சனின் எதிர்ப்பாளர்கள் கூடி நடத்திவந்த விக் கட்சி வடக்கு, தெற்கு என்று உடைந்து சிதறியது. அடிமை முறை பரவுவதை எதிர்த்தவர்கள் புதுக் கட்சி தொடங்கினார்கள். ஆறே ஆண்டுகளில் அது ஆபிரகாம் லிங்கனை அதிபராக்கியது. அமெரிக்க வரலாற்றில் ஒரு பெரிய கட்சியின் இடத்தை மூன்றாவது கட்சி ஒன்று கைப்பற்றியது அந்த ஒரு முறைதான் என்று சொல்லலாம்.

அடிமைத்தளையை ஒழித்த லிங்கனின் கட்சி எப்படித் தென்மாநில வெள்ளையர்களின் கட்சியாக மாறியது?

இது ஓர் இரவில் நடந்ததல்ல. ஏறத்தாழ அறுபது ஆண்டுகள் பிடித்தது. உள்நாட்டுப் போருக்குப் பிறகு கறுப்பின மக்கள் குடியரசுக் கட்சியின் பக்கம் நின்றார்கள். 1870-இல் மேலவையான செனட் சபையில் நுழைந்த முதல் கறுப்பினத்தவரான ஹைரம் ரெவல்ஸ் மிசிசிப்பியைச் சேர்ந்த குடியரசுக் கட்சிக்காரர். போருக்குப் பின் வந்த பாதுகாப்புகள் விலக்கிக்கொள்ளப்பட்டதும், தெற்கில் வெள்ளையர் ஆதிக்கத்தின் கருவியாக ஜனநாயகக் கட்சி கோலோச்சியது. அங்கே வேறு கட்சிக்கு இடமே இருக்கவில்லை.

முதல் திருப்பம் 1930-களில் வந்தது. பெரும் பொருளாதார வீழ்ச்சியின்போது ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட் தந்த வேலைகளும் உதவிகளும், தொழிற்சங்கத்தினர், நகரத்துக் குடியேறிகள், தென்மாநில வெள்ளையர், வடக்கு நகரங்களுக்கு நகர்ந்த கறுப்பினத்தவர் என்று ஒரே பந்தியில் உட்காரவே முடியாதவர்களை ஒரே கட்சிக்குள் உட்காரவைத்தன. அந்தக் கூட்டணி உடைவதற்கு நேரம் மட்டுமே தேவைப்பட்டது. 1948-இல் கறுப்பினத்தவர் உரிமைகளை ஜனநாயகக் கட்சி மாநாடு ஆதரித்தபோது தென்மாநிலத்தவர் சிலர் வெளியேறி ஸ்ட்ரோம் தர்மண்டை அதிபர் வேட்பாளராக நிறுத்தினர்.

1964-இல் இனப் பாகுபாட்டைத் தடைசெய்யும் குடிமை உரிமைகள் சட்டம் செனட்டில் 73-க்கு 27 என்று நிறைவேறியது. அந்த வாக்குகளைப் பிரித்துப் பார்த்தால் அன்றைய நிலைமை கண்ணெதிரே தெரியும்: ஜனநாயகக் கட்சியினரில் 46 பேர் ஆதரவு, 21 பேர் எதிர்ப்பு, குடியரசுக் கட்சியினரில் 27 பேர் ஆதரவு, ஆறே பேர் எதிர்ப்பு. ஆனால் அந்த ஆறு பேரில் ஒருவரான பாரி கோல்ட்வாட்டர்தான் அந்த ஆண்டு குடியரசுக் கட்சியின் அதிபர் வேட்பாளர். நாடெங்கும் படுதோல்வி அடைந்த அவர், சொந்த மாநிலமான அரிசோனாவையும் ஆழ்தெற்கின் ஐந்து மாநிலங்களையும் மட்டும் வென்றார். தர்மண்ட் அதே ஆண்டு குடியரசுக் கட்சிக்கு மாறினார். வாக்காளர்கள் அதிபர் தேர்தலில் முதலில் மாறினார்கள். நாடாளுமன்றத் தொகுதிகளும் மாறி முடிய 1994 வரை ஆனது. ஆகவே, "அன்றைய குடியரசுக் கட்சி வேறு, இன்றையது வேறு" என்பதும் சரி, "பெயர்ப்பலகை மட்டும் இடம் மாறியது" என்பது மிகைப்படுத்தல் என்பதும் சரி. வணிகத்துக்கு இணக்கமான கட்சி என்ற குணத்தைக் குடியரசுக் கட்சி இந்தக் காலம் முழுவதும் பெரிதாக விட்டுவிடவில்லை.

கட்சியின் வேட்பாளரை யார் தீர்மானிக்கிறார்கள்?

அமெரிக்கக் கட்சிகளின் வரலாறே இந்த ஒரு கேள்விக்குக் கிடைத்த மாறுபட்ட பதில்களின் வரலாறுதான்.

முதலில் நாடாளுமன்றமான காங்கிரஸில் இருந்த கட்சி உறுப்பினர்கள் தங்களுக்குள் கூடி அதிபர் வேட்பாளரை அறிவித்தார்கள். 1824-இல் அப்படிக் கூடிய கூட்டத்துக்குப் பெரும்பாலான உறுப்பினர்கள் வரவே இல்லை. அது தேர்ந்தெடுத்த வில்லியம் கிராஃபோர்ட் தேர்வாளர் வாக்குகளில் மூன்றாவதாக வந்தார். அந்தத் தேர்தலில் முதலாவதாக வந்தும் பெரும்பான்மை கிடைக்காததால், பிரதிநிதிகள் சபையின் முடிவில் ஜான் குவின்சி ஆடம்ஸிடம் பதவியை இழந்த ஜாக்சன், மேலிடத்துப் பேரம் மக்கள் தீர்ப்பைத் திருடிவிட்டது என்று நான்கு ஆண்டுகள் முழங்கி 1828-இல் வென்றார். சிலரின் மூடிய அறைக்கு அத்தோடு மதிப்புப் போயிற்று.

அடுத்து வந்தது மாநாடு. ஃப்ரீமேசன் என்ற ரகசியச் சங்கத்தை எதிர்ப்பதற்கென்றே தோன்றிய ஒரு சிறு கட்சி 1831-இல் பால்டிமோரில் முதல் தேசிய மாநாட்டைக் கூட்டியது. மறு ஆண்டு ஜனநாயகக் கட்சி அதே ஊரில் கூடியது. மாநிலங்களிலிருந்து வரும் பேராளர்கள் வாக்களிப்பார்கள். ஆனால் அந்தப் பேராளர்களைக் கையில் வைத்திருந்தவர்கள் மாநிலப் பெருந்தலைகள். மாநாட்டு முறை எந்த அளவுக்குப் போகும் என்பதற்கு 1924-இல் நியூயார்க் மேடிசன் சதுக்க அரங்கில் ஜனநாயகக் கட்சி நடத்திய மாநாட்டைச் சொல்ல வேண்டும். வெற்றிக்கு மூன்றில் இரண்டு பங்கு வாக்குகள் தேவை. நகரத்துக் கத்தோலிக்கர்களின் ஆல் ஸ்மித்தும், தெற்கு, மேற்குக் கிராமப்புறங்களின் வில்லியம் மெக்காடூவும் விட்டுக்கொடுக்கவில்லை. அகரவரிசையில் முதலில் வரும் அலபாமா ஒவ்வொரு சுற்றிலும் தன் 24 வாக்குகளையும் தன் செனட்டர் ஆஸ்கர் அண்டர்வுட்டுக்கே அறிவிக்கும். வானொலியில் அதைக் கேட்டுக் கேட்டு நாடே அந்த வரியைக் கூடச் சேர்ந்து சொல்லும் அளவுக்கு மனப்பாடம் செய்துவிட்டது. 103-ஆவது சுற்றில், எல்லோரும் களைத்துப் போன நிலையில், ஜான் டேவிஸ் என்ற வழக்கறிஞர் வேட்பாளரானார். தேர்தலில் தோற்றார் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

மூன்றாவது பதில்தான் இன்று நடப்பில் இருப்பது: வாக்காளர்களே உட்கட்சி வாக்கெடுப்பில், அதாவது பிரைமரி தேர்தலில், வேட்பாளரைத் தேர்ந்தெடுப்பது. விஸ்கான்சின் மாநிலத்தில் ராபர்ட் லா ஃபாலெட் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இதைச் சட்டமாக்கப் போராடி வென்றார். ஆயினும் அதிபர் வேட்பாளர் விஷயத்தில் நெடுங்காலம் அது அலங்காரமாகவே இருந்தது. 1968-இல் ஒரு பிரைமரியில்கூடப் போட்டியிடாத ஹியூபர்ட் ஹம்ஃப்ரி, சிகாகோ மாநாட்டில் ஜனநாயகக் கட்சி வேட்பாளரானார். வியட்நாம் போரை எதிர்த்து வெளியே திரண்ட இளைஞர்களைக் காவல்துறை அடித்து நொறுக்கியதைத் தொலைக்காட்சியில் நாடே பார்த்தது. அந்த அவமானத்துக்குப் பிறகு கட்சி அமைத்த குழு விதிகளை மாற்றியது. 1972 முதல் பேராளர்களில் பெரும்பாலோர் வாக்காளர் தீர்ப்புக்குக் கட்டுப்பட்டவர்களானார்கள். குடியரசுக் கட்சியும் அதே வழியில் வந்தது. மாநாடு இன்று முடிவைத் தீர்மானிக்கும் இடமல்ல, அறிவிக்கும் மேடை.

அயோவா மாநிலத்தில் வேறொரு காட்சியைப் பல தேர்தல்களாகப் பார்க்க முடிந்தது. ஜனவரி, பிப்ரவரிக் குளிரில் அக்கம்பக்கத்தினர் பள்ளிக்கூட உடற்பயிற்சிக் கூடத்தில் கூடுவார்கள், ஜனநாயகக் கட்சியினர் தங்கள் வேட்பாளருக்கான மூலையில் போய் நிற்பார்கள், தலைகள் எண்ணப்படும். பொதுவாக 15 விழுக்காட்டை எட்டாத மூலை கலைந்துவிடும். அங்கே நின்றவர்களைப் பக்கத்து மூலைக்காரர்கள் கையைப் பிடித்து இழுக்காத குறையாக அழைப்பார்கள். 2020-இல் முடிவுகளைத் தெரிவிக்கும் செயலி பழுதாகிப் போன பிறகு அக்கட்சி அந்த முறையைக் கைவிட்டது.

பிரைமரியில் வெல்லாத கமலா ஹாரிஸ் 2024-இல் எப்படி வேட்பாளரானார்?

ஜோ பைடன் பிரைமரிகளில் வென்று, பேராளர்களையும் பெற்ற பிறகு, 2024 ஜூலை 21 அன்று போட்டியிலிருந்து விலகினார். வாக்காளரிடம் திரும்பிச் செல்ல நேரமில்லாததால் அதிகாரம் விதிப்படி பேராளர்களிடம் வந்து சேர்ந்தது. அவர்கள் ஆகஸ்ட் தொடக்கத்தில் இணையவழி வாக்கெடுப்பில் ஹாரிஸைத் தேர்ந்தெடுத்தார்கள். அவருடைய தாய்வழித் தாத்தாவின் ஊரான திருவாரூர் மாவட்டம் துளசேந்திரபுரத்தில் அப்போது கோயிலில் பூசைகள் நடந்தன. பழைய மாநாட்டு முறை இறந்துவிடவில்லை, அவசரத்துக்கு எழுந்து வரும் என்பதை அந்த இரண்டு வாரங்கள் காட்டின.

ஒருவர் கட்சியில் உறுப்பினராவது எப்படி?

ஏறத்தாழ 30 மாநிலங்களில், வாக்காளராகப் பதியும் படிவத்திலேயே எந்தக் கட்சி என்று அதற்கான இடத்தில் குறித்தால் போதும். சந்தா இல்லை, கட்சி உங்களைச் சேர்க்க மறுக்கவும் முடியாது, நீக்கவும் முடியாது. பதிவை வைத்திருப்பது கட்சி அலுவலகமன்று, அரசு அலுவலகம். மற்ற மாநிலங்களில் அந்தப் பதிவும் கிடையாது. பிரைமரி நாளன்று எந்தக் கட்சியின் வாக்குச்சீட்டைக் கேட்டு வாங்குகிறாரோ அந்தக் கட்சி. கலிஃபோர்னியாவில் பெரும்பாலான பதவிகளுக்கு எல்லாக் கட்சியினரும் ஒரே பிரைமரியில் நிற்க, முதலிரண்டு இடங்களில் வருபவர்கள் இறுதித் தேர்தலில் மோதுகிறார்கள்; இருவரும் ஒரே கட்சியினராக இருக்கவும் கூடும்.

கட்சிக்குத் தலைவர் யார்?

இரு கட்சிகளுக்கும் தேசியக் குழுக்களும் அவற்றுக்குத் தலைவர்களும் உண்டு. நிதி திரட்டுவது, மாநாடு நடத்துவது, வாக்காளர் தரவுகளைப் பேணுவது ஆகியவை அவர்களின் வேலை. அவர்களின் பெயர்களைச் சாதாரண அமெரிக்கர்களில் பலர் அறியமாட்டார்கள். அதிபராக இருப்பவரே தம் கட்சியின் முகம். எதிர்க்கட்சிக்கு அப்படி ஒரு முகமே இல்லாமல் ஆண்டுகள் கழிவதும் உண்டு.

நாடாளுமன்றத்துக்குள் கட்சி என்ன வேலை செய்கிறது?

இங்கேதான் கட்சியின் பிடி வலுவாக இருக்கிறது. பிரதிநிதிகள் சபையின் சபாநாயகர் நடுநிலை நடுவரல்லர். பெரும்பான்மைக் கட்சியின் தளபதி. எந்த மசோதா சபைக்கு வரும் என்பதைப் பெரும்பாலும் அவரும் அவருடைய கட்சியினர் நிறைந்த விதிகள் குழுவும் தீர்மானிக்கிறார்கள். நிலைக்குழுத் தலைவர் பதவிகள் முழுவதும் பெரும்பான்மைக் கட்சிக்கே போகின்றன. இரு கட்சிகளுக்கும் கொறடாக்கள் உண்டு.

ஆனால் கொறடா சொன்னபடி வாக்களிக்காவிட்டால் பதவி பறிபோகாது. இந்தியாவில் 1985-இல் வந்த கட்சித் தாவல் தடைச் சட்டம் போன்ற ஒன்று அங்கே இல்லை. 2023 ஜனவரியில், பெரும்பான்மைக்குத் தேவையானதைவிட நான்கு இடங்களே கூடுதலாக வைத்திருந்த குடியரசுக் கட்சியில் சிலர் முரண்டு பிடித்ததால், கெவின் மெக்கார்த்தி சபாநாயகராவதற்கு 15 சுற்றுகள் தேவைப்பட்டன. அக்டோபர் 3 அன்று அவர் கட்சியைச் சேர்ந்த எட்டுப் பேர் எதிர்க்கட்சியோடு சேர்ந்து வாக்களிக்க, 216-க்கு 210 என்ற கணக்கில் அவர் நீக்கப்பட்டார். சபாநாயகர் ஒருவர் இப்படிப் பதவி இழந்தது அதுவே முதல் முறை.

உறுப்பினர் அஞ்சுவது தலைமையை அல்ல, தம் தொகுதியின் பிரைமரி வாக்காளரை. 2014-இல் பிரதிநிதிகள் சபையின் பெரும்பான்மைத் தலைவராக இருந்த எரிக் கேன்டர், வர்ஜீனியாவில் அதிகம் அறியப்படாத ஒரு பொருளியல் பேராசிரியரிடம் பிரைமரியில் தோற்றார். 2022-இல் வயோமிங்கின் பிரதிநிதிகள் சபை உறுப்பினர் லிஸ் செனியும் பிரைமரியில் தோற்றார். இரு தொகுதிகளிலும் அப்போது எதிர்க்கட்சிக்கு வெற்றி வாய்ப்பு அரிதாக இருந்தது. அத்தகைய தொகுதிகளில் பிரைமரியே உண்மையான தேர்தல். அதில் வாக்களிக்க வருபவர்கள் எண்ணிக்கையில் குறைவு, பிடிவாதத்தில் அதிகம். இரு கட்சிகளும் விலகி விலகிப் போவதற்குத் தொகுதி எல்லைகளையும் ஊடகங்களையும் காரணம் காட்டுவோர் உண்டு. பிரைமரி என்ற இந்தக் காரணத்தையும் குறைத்து மதிப்பிடக்கூடாது என்பது எங்கள் எண்ணம்.

அரசு வேலைகளிலும் நீதிமன்றங்களிலும் கட்சிக்கு இடமுண்டா?

ஒரு காலத்தில் அஞ்சல் நிலைய வேலை வரை வென்ற கட்சிக்காரருக்கே போனது. 1881-இல் தூதரகப் பதவி கிடைக்காத ஆத்திரத்தில் ஒருவன் அதிபர் ஜேம்ஸ் கார்ஃபீல்டைச் சுட்டான். அவர் இறந்த பிறகு, 1883-இல், தேர்வு மூலம் பணியமர்த்தும் பெண்டில்டன் சட்டம் வந்தது. இன்றும் புதிய அதிபர் ஏறத்தாழ 4,000 பதவிகளைத் தம் விருப்பப்படி நிரப்பலாம். உச்ச நீதிமன்ற நீதிபதி பதவியும் கட்சிக் கணக்குக்குத் தப்பவில்லை: 2016 மார்ச்சில் பராக் ஒபாமா முன்மொழிந்த மெரிக் கார்லண்டுக்குக் குடியரசுக் கட்சியின் பிடியிலிருந்த செனட் ஒரு விசாரணை அமர்வுகூட நடத்தவில்லை.

மூன்றாவது கட்சி ஏன் வளர முடியவில்லை?

ஒரு தொகுதிக்கு ஒரே உறுப்பினர், அதிக வாக்கு பெற்றவருக்கே வெற்றி என்ற முறையில் இரண்டாமிடத்துக்குப் பரிசு இல்லை. 1992-இல் தொழிலதிபர் ராஸ் பெரோ ஏறத்தாழ 19 விழுக்காடு வாக்குகள் வாங்கினார்; தேர்வாளர் வாக்கு ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. 1912-இல் முன்னாள் அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட் குடியரசுக் கட்சியிலிருந்து பிரிந்து நின்று 88 தேர்வாளர் வாக்குகள் பெற்றதன் பலன், எதிர்க்கட்சியின் உட்ரோ வில்சன் 435 பெற்று வென்றதுதான். 2000-இல் ஃபுளோரிடாவில் ரால்ஃப் நேடர் ஏறத்தாழ 97,000 வாக்குகள் பெற்றார். அங்கே ஜார்ஜ் புஷ் வென்ற வித்தியாசம் 537. வாக்குச்சீட்டில் பெயர் வருவதற்கே மாநிலத்துக்கு மாநிலம் ஆயிரக்கணக்கில் கையொப்பம் திரட்ட வேண்டும் என்பது இன்னொரு தடை. பிரைமரி முறைக்கும் இதில் பங்குண்டு: அதிருப்தியாளர் புதுக் கட்சி தொடங்கத் தேவையில்லை, இருக்கும் கட்சிக்குள்ளேயே நுழைந்து அதைக் கைப்பற்றலாம். 2016-இல் டொனால்ட் டிரம்ப் செய்தது அதையே.

கழுதையும் யானையும் எப்படிச் சின்னங்களாயின?

கேலிச்சித்திரக்காரர் தாமஸ் நாஸ்ட் 1870-களில் வரைந்து நிலைநிறுத்தியவை அவை. அவை தேர்தல் ஆணையம் ஒதுக்கிய சின்னங்கள் அல்ல. சிவப்பு குடியரசுக் கட்சிக்கு, நீலம் ஜனநாயகக் கட்சிக்கு என்ற நிறப் பங்கீடு இன்னும் புதியது. 2000 தேர்தல் முடிவுக்காக நாடு வாரக்கணக்கில் தொலைக்காட்சி வரைபடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் அது உறுதிப்பட்டது.

நிறத்துக்கு இதைவிடப் பழைய கதை ஒன்றும் உண்டு. 19-ஆம் நூற்றாண்டில் வாக்குச்சீட்டை அரசு அச்சிடவில்லை, கட்சிகள் அச்சிட்டன. தன் வேட்பாளர்களின் பெயர்கள் மட்டும் அடங்கிய நீளத் தாளைக் கட்சிக்காரர் வாக்குச்சாவடி வாசலில் நின்று கொடுப்பார். வாக்காளர் அதைப் பெட்டியில் போடுவார். தாளின் நிறத்தை வைத்தே யார் யாருக்குப் போட்டார் என்பது தூரத்திலிருந்து தெரியும். காசு கொடுத்தவருக்கு அது வசதியாகவும் இருந்தது. 1888-இல் மாசசூசெட்ஸ் தொடங்கி ஒவ்வொரு மாநிலமாக, எல்லா வேட்பாளர் பெயர்களும் அடங்கிய அரசு வாக்குச்சீட்டுக்கும் மறைவிட வாக்களிப்புக்கும் மாறின. கட்சித் தலைகளின் கையிலிருந்து முதலில் நழுவியது அந்தத் தாள். சீட் கொடுக்கும் அதிகாரம் அதன் பின்னால் போயிற்று.

கட்சிப் பெயரே இல்லாத சட்டமன்றம் அமெரிக்காவில் உண்டா?

நெப்ராஸ்காவில் உண்டு. 1934-இல் அம்மாநில வாக்காளர்கள் ஏற்ற திருத்தத்தின்படி, 1937 முதல் அங்கே ஒரே அவைதான். வாக்குச்சீட்டில் வேட்பாளரின் கட்சி அச்சிடப்படுவதில்லை. 49 உறுப்பினர்களில் யார் எந்தக் கட்சி என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் குழுத் தலைவர்களை அவை முழுவதும் சேர்ந்து ரகசிய வாக்கெடுப்பில் தேர்ந்தெடுப்பதால், சிறுபான்மைக் கட்சிக்காரர் ஒருவர் எதிர்த்தரப்பினரின் வாக்குகளோடு ஒரு குழுவின் தலைவராவது அங்கே நடக்கிற காரியம்.